கண்டியிலிருந்து நுவரெலியா: கோப்பி மூட்டை இறங்கிய றோட்டில் எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

தமிழ்நாட்டிலிருந்து அப்பா அம்மாவோடு வருகிறீர்கள், கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ரயிலா வானா, வானில் வந்தால் அருவியும் தேயிலையும் தவிர வழியில் பார்க்க என்ன இருக்கிறது, கொஞ்சம் வரலாறோடு சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மலையகத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் பதில் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயில் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கம்பளை வரைக்கும்தான் தண்டவாளமும் றோட்டும் கூட்டாக வரும். அதற்கப்பால் ரயில் நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை என்று மேற்குப் பக்கமாகச் சுற்றி நானுஓயாவில் கொண்டுபோய் விடும். நுவரெலியா டவுனுக்கு அங்கிருந்து மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். ஏ5 வீதி புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை வழியாக ஏறுகிறது. தூரம் 80 கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் நிற்காமல் ஓடினாலே மூன்று மணி நேரம் ஆகும். வயதானவர்களோடு வருகிறீர்கள், நினைத்த இடத்தில் நிறுத்தலாம் என்ற ஒரு வசதிக்காகவே வானில் ஏறுங்கள். ரயில் ஆசையை இறங்கும்போது தீர்த்துக்கொள்ளலாம்.

இந்த வழியைத் தேயிலை றோட்டு என்றுதான் சுற்றுலாக்காரர்கள் சொல்வார்கள். அது பாதிக் கதை. இதை வெட்டிய காலத்தில் இந்த மலைகளில் வியாபாரத் தேயிலை ஒரு செடி கூடக் கிடையாது. கண்டி இராச்சியம் 1815-ல் பிரித்தானியர் கைக்குப் போனது. 1817, 18-ல் ஊவாவில் கிளம்பிய கிளர்ச்சியை அடக்கப் படாத பாடு பட்ட பிறகுதான், பட்டாளம் போக வழியில்லாத மலையை ஆள முடியாது என்று அவர்களுக்கு உறைத்தது. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸுக்கு றோட்டுப் பைத்தியம். கொழும்பு - கண்டி வீதியும் நுவரெலியாவுக்கு ஏறும் வழியும் அவர் காலத்து வேலை. முதல் வருடங்களில் மண் சுமந்தவர்கள் இராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் இழுத்துவரப்பட்ட சிங்களக் கிராமத்து ஆட்கள். அந்த முறை 1830-களின் தொடக்கத்தில் ஒழிந்தது. பட்டாளத்துக்காகப் போட்ட வழியில் அதற்குப் பிறகு அதிகம் போனது கோப்பி மூட்டைதான். பார்ன்ஸே கோப்பி போட்டவர். ஆளுநர், நீதிபதி, இராணுவ அதிகாரி என்று அரசாங்கத்தில் இருந்த பாதிப் பேர் தோட்ட முதலாளிகள். காடு ஏக்கர் ஐந்து சில்லிங் என்று அவர்களுக்கே விற்பனையானது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஏறினால் வழியில் பார்ப்பதெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

கண்டியை விட்டு வெளியே வந்ததும் பேராதனை. இங்கேயிருக்கும் தாவரவியல் பூங்காவைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். 1821-ல் அலெக்சாண்டர் மூன் தொடங்கியது, கிட்டத்தட்ட 150 ஏக்கர், இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் இங்கேதான் இருந்தது. ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்து உள்ளே போகாதீர்கள், அரை நாளை விழுங்கிவிடும். நுவரெலியா போகிற அன்றைக்கு இதை வைக்காமல் முந்தின நாளே முடித்துவிடுவது நல்லது.

பூங்காவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது கன்னொறுவை. 1638-ல் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையை ஒரேயடியாக அழித்தது அங்கேதான், போர்த்துக்கேயத் தளபதியும் அதில் செத்தார். அதே கன்னொறுவையில்தான் பார்ன்ஸ் தன் கோப்பித் தோட்டத்தைப் போட்டார். இன்றைக்கு விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மகாவலி ஆற்றுக்குக் குறுக்கே பேராதனையில் 1830-களில் முழுக்க முதிரை மரத்தாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். நடுவில் தூண் கிடையாது, 200 அடிக்கு மேல் ஒரே வளைவு. எழுபது வருடம் வண்டி தாங்கி, 1905-ல் கழற்றப்பட்டது. மரப்பாலத்தின் மேல் கோப்பி ஏற்றிய மாட்டுவண்டி வரிசையைக் கற்பனை செய்துகொண்டு இப்போதைய பாலத்தைக் கடந்துவிடுங்கள்.

பல்கலைக்கழகம் வழியில்தான் இருக்கிறது. அப்பா அம்மாவுக்குக் கோயில் பார்க்க விருப்பமென்றால் வளாகத்துக்குள் மேட்டில் இருக்கும் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறலாம். தமிழ் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து உண்டாக்கிய கோயில் அது. அங்கிருந்து பார்த்தால் வளாகத்தின் மரக்கூட்டம் மொத்தமும் கீழே தெரியும்.

கம்பளைக்கு முன்னால் ஒரு விலகல் சொல்கிறேன், நேரம் இருந்தால் மட்டும். கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க என்று மூன்று பழைய கோயில்கள் தவுலகலப் பக்கம் உண்டு. மூன்றும் கம்பளை தலைநகராக இருந்த 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எம்பெக்கவின் மரச்சிற்பத் தூண்களைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கடலாதெனியதான் அதிசயமாக இருக்கும். 1344-ல் கட்டிய பௌத்த விகாரை, ஆனால் தூணும் முன்மண்டபமும் பார்த்தால் நம் ஊர்க் கோயில் போல இருக்கும். காரணம் எளிது. கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியர். லங்காதிலகத்தில் பாறையில் வெட்டிய சாசனம் சிங்களத்திலும் இருக்கிறது, தமிழிலும் இருக்கிறது. இந்த மலைக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு கோப்பித் தோட்டத்தோடு தொடங்கியது என்று நினைப்பவர்கள் அந்தப் பாறை முன்னால் ஐந்து நிமிடம் நிற்கலாம்.

இனிக் கம்பளை. வான்காரர்கள் இங்கே பெற்றோல் அடிக்கவும் பிளேன்டி (பாலில்லாத தேத்தண்ணி) குடிக்கவும் மட்டும்தான் நிறுத்துவார்கள், அல்லது அம்புளுவாவக் கோபுரத்துக்குத் திருப்புவார்கள். என்னைக் கேட்டால் இந்த முழுப் பயணத்திலும் வரலாறு கனத்துக் கிடக்கும் இடம் இந்தக் கசகசப்பான டவுன்தான். 1341-லிருந்து ஒரு இராச்சியத்தின் தலைநகரம். ஆறு நூற்றாண்டு கழித்து, இங்கே வலஹகொட தேவாலே என்ற சிங்களவர் கோயிலின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைத் தாண்டும்போது மேளம் அடிக்கலாமா கூடாதா என்று தொடங்கிய வழக்குதான் உயர்நீதிமன்றம் வரை போய், 1915-ல் நாட்டின் பல பகுதிகளில் கலவரமாக வெடித்ததற்கு முதல் பொறி.

கம்பளையை ஒட்டிய சிங்ஹாபிட்டியவில்தான் ஜார்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் 1820-களில் முதல் பெரிய கோப்பித் தோட்டங்களில் ஒன்றைப் போட்டார். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு ஆட்கள் மலைக்கு வந்ததை 1823-லிருந்து கணக்கு வைப்பதும் இந்தத் தோட்டத்தை வைத்துத்தான். 2023-ல் மலையகத்துக்கு இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அந்தப் பாதை அலங்காரத்துக்கு எடுத்தது இல்லை. இராமேசுவரம் பக்கம் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, வறண்ட காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்துதான் ஆட்கள் வந்தார்கள். பசி, வாந்திபேதி, மலேரியா. வழியிலேயே விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். உங்கள் ஊர்ப் பெயர் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது ஒரு கிழவியின் வாயில் இன்னும் இருக்கும், எந்த மாவட்டம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கம்பளையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும், காற்று மாறும். அடுத்த பெரிய ஊர் புசல்லாவை. இங்கேயிருக்கும் ரொத்சைல்ட் தோட்டத்தின் பெயரைப் பலகையில் பார்த்துவிட்டு, ஐரோப்பாவின் அந்தப் பெரிய வங்கிக் குடும்பமா என்று கேட்பார்கள். ஆமாம், அவர்களுடைய உறவுக்காரர்கள்தான். மோரிஸ், கேப்ரியல் டி வோர்ம்ஸ் என்ற சகோதரர்கள் 1840-களில் இங்கே கோப்பி போட்டவர்கள். மோரிஸ் 1841-ல் சீனாவிலிருந்து தேயிலை விதை கொண்டுவந்து இதே தோட்டத்தில் நட்டார். பேராதனைப் பூங்காவுக்கு அஸ்ஸாம் தேயிலை விதை 1839-லேயே வந்துவிட்டது. ஆக, 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டதுதான் இலங்கையின் முதல் தேயிலை என்று வழிகாட்டி சொன்னால், வியாபாரத்துக்கு நட்ட முதல் தேயிலை என்று மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். 1841-ல் தேயிலையை யாரும் சீண்டவில்லை. கோப்பியில் பணம் கொட்டும்போது யார் சீண்டுவார்கள்?

கோப்பியைச் சாய்த்தது ஒரு பூஞ்சணம். 1869-ல் முதல் தடவை கண்ணில் பட்டது. இலையின் அடிப்பக்கம் மஞ்சளும் சிவப்புமாகத் தூள் படியும், தொட்டால் விரலில் ஒட்டும், பிறகு இலை உதிரும். செடி உடனே சாகாது, காய்ப்பு வருடத்துக்கு வருடம் குறையும். அதுதான் மோசம். துரைமார் அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று நம்பி இன்னும் காட்டை அழித்து இன்னும் நட்டார்கள். 1870-களின் கடைசியில் கோப்பி நிலம் இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கருக்கு வந்து நின்றது, நோயும் கூடவே பரவியது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி காலி. தோட்டங்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. பிடுங்கிய கோப்பியின் இடத்தில் தேயிலை ஏறியது. புசல்லாவை, இறம்பொடைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் வேலியோரம் இன்றைக்கும் ஒன்றிரண்டு கோப்பி மரம் நிற்கும். மார்ச், ஏப்ரலில் மல்லிகை மாதிரி வெள்ளையாகப் பூக்கும், வாசமும் அப்படியே.

செடி மாறியதில் ஆட்களின் வாழ்க்கை மாறிய விதம்தான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கோப்பிப் பழம் வருடத்தில் ஒரு பருவம். அறுவடைக்கு ஆட்கள் வருவார்கள், முடிந்ததும் கையில் மிஞ்சிய காசோடு ஊருக்குத் திரும்பி நடப்பார்கள். தேயிலை அப்படி விடாது. ஏழு நாள், பத்து நாளுக்கு ஒரு தடவை கொழுந்து எடுத்தே ஆக வேண்டும், மழையோ குளிரோ வருடம் முழுக்க. எடுக்கப் பெண்களின் கை வேண்டும். அதனால் குடும்பமாக வந்தார்கள், வந்தவர்கள் திரும்பவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக ஒட்டிய லயங்கள், லயத்துக்கு ஒரு மாரியம்மன், மாசியில் காமன் கூத்து, விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டு, பெயரெழுதக் கணக்கப்பிள்ளை, ஆளைக் கொண்டுவந்த கங்காணியின் கணக்கில் ஏறிக்கொண்டே போகும் கடன். நீங்கள் வானிலிருந்து பார்க்கும் மலையகம் தேயிலை உண்டாக்கியது.

அதோடு முடியவும் இல்லை. சுதந்திரம் கிடைத்த வருடமே, 1948-ல், குடியுரிமைச் சட்டம் வந்து இந்த மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தொடங்கியதுதான் இன்றைய டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் நீங்கள் தேயிலைத் தோட்டம் பார்த்திருந்தால், அங்கே கொழுந்து எடுப்பவர்களில் பலரின் தாத்தா பாட்டி இந்தப் புசல்லாவை, இறம்பொடைப் பக்கத்து லயங்களில் பிறந்தவர்கள். இங்கே மிஞ்சிய கடைசி ஆட்களுக்கும் குடியுரிமை தீர்ந்தது 2003 சட்டத்தில்தான்.

புசல்லாவையைத் தாண்டி இறம்பொடையை நெருங்கும்போது வலது பக்கச் சன்னலில் இருங்கள். கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரியும். மகாவலித் திட்டத்தில் 1979-ல் தொடங்கி 1985-ல் முடிந்த அணை, சுவீடன் உதவியோடு கட்டியது, மின்நிலையம் நிலத்துக்கடியில் இருக்கிறது, 201 மெகாவாட். படம் பிடிக்க அருமையான தண்ணீர். அந்தத் தண்ணீருக்கடியில் இருப்பது பின்னாளில் சிங்கள அரசனான துட்டகைமுனு இளவரசன் தகப்பனுக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பழைய பள்ளத்தாக்கு. வயலும் வீடும் விகாரைகளும் மூழ்கின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வறண்ட வலயத்துக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. வரட்சியில் தண்ணீர் நன்றாக இறங்கினால் கடதொரைப் பழைய விகாரையின் இடிபாடு மேலே வரும், சனம் பார்க்கப் போகும். மூழ்கிய விகாரைகளுக்கு ஈடாக அணைப் பக்கத்தில் மகாவலி மகா சேய என்ற பெரிய வெள்ளைத் தூபியைக் கட்டத் தொடங்கினார்கள், அதை முடிக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

இறம்பொடைக்குப் பக்கத்தில், நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி, சின்மயா மிஷனின் ஆஞ்சநேயர் கோயில் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் தவறாமல் நிற்கும் இடம். உங்கள் பெற்றோரும் நிற்பார்கள், நிற்கட்டும், சுத்தமான இடம், காற்றும் நல்ல காற்று. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமன் இந்த மலையில் தங்கினார், அந்தக் குளத்தில் சீதையின் கண்ணீர் விழுந்தது என்று வழிகாட்டிகள் ஒப்பிப்பதில் பெரும்பங்கு 2000-களில் 'இராமாயண வழி' என்று சுற்றுலாத்துறை விளம்பரம் பிடித்த பிறகு மெருகேறியது. கோயில் பழையதும் இல்லை, பழையது என்று கோயில்காரர்கள் சொல்வதும் இல்லை. கும்பிட வேண்டுமென்றால் கும்பிடலாம், அதற்கு வழிகாட்டியின் கதை தேவைப்படாது.

இறம்பொடை அருவி 109 மீட்டர், மூன்று கட்டமாக விழுகிறது. றோட்டிலிருந்தே ஒரு கட்டம் தெரியும், கீழ்க்கட்டத்துக்கு நிறையப் படி இறங்க வேண்டும், வயதானவர்களுக்கு வேண்டாம். அதற்குப் பக்கத்தில் மலையைக் குடைந்து 225 மீட்டர் சுரங்கப்பாதை போட்டிருக்கிறார்கள். மழைக்குப் பிறகு இந்தப் பக்கம் மலைமுகம் முழுக்க வெள்ளை நூலாகத் தண்ணீர் வழியும், அவற்றில் பலவற்றுக்குப் பெயர் கூடக் கிடையாது.

இந்த இடத்தில் பயமுறுத்தாமல் ஒரு எச்சரிக்கை. 2025 மே மாதம் இதே இறம்பொடைப் பக்கம் கெரண்டிஎல்ல என்ற இடத்தில் ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 20-க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதே வருடம் நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் மலையகம் எங்கும் மண்சரிவு, கம்பளையும் கொத்மலைப் பக்கமும் பலமாக அடிபட்டன. ஆகவே புறப்படும் முன்னாலே வீதி நிலைமையை ஹோட்டலில் விசாரியுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு இங்கே மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் தெரியாது. காலை ஏழு மணிக்குக் கண்டியை விட்டால் வெயிலோடு போய்ச் சேரலாம். இரவில் தூங்காமல் ஓட்டிவந்த சாரதியை வைத்துக்கொண்டு இந்த றோட்டில் ஏறவே ஏறாதீர்கள், எத்தனை காசு மிச்சமானாலும்.

இந்த ஏற்றத்தில் விபத்து நூற்றெழுபது வருடத்துக்கு முன்னாலேயே பிரபலம். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர், பிற்பாடு ஆப்பிரிக்காவில் நைல் ஆற்றின் மூலத்தைத் தேடிப்போய்ப் பேரெடுத்தவர், 1848-ல் நுவரெலியாவில் ஒரு ஆங்கிலக் கிராமத்தையே உண்டாக்கப் போகிறேன் என்று கிளம்பினார். கொல்லன், பண்ணைக்காரன், வேட்டை நாய்கள், உயர்சாதி மாடு, குதிரைவண்டி என்று எல்லாவற்றையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். குதிரைக்காரன் பெர்க்ஸுக்குக் குடிப்பழக்கம். இறம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் சேர்த்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, விபத்து நடந்துவிட்டது, நானும் கூடப் போகாதது புண்ணியம் என்று முதலாளிக்கு எழுத்துப்பிழையோடு கடிதம் போட்டான். கிடந்த வண்டியை எடுத்துவர யானையோடு அனுப்பினார்கள். அவன் அந்த யானையின் மேல் ஏறிக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டமாக விரட்டினான், யானை செத்துப்போனது. பேக்கரே பின்னாளில் சிரித்துக்கொண்டு எழுதிவைத்த கதை இது. யானைக்குச் சிரிப்பு வந்திருக்காது.

இறம்பொடைக்கு மேலே லபுக்கலை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாகத் திரும்பும்போது பூங்கொத்தோடு பையன்கள் நிற்பார்கள். நீங்கள் வாங்காமல் போனால் தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் இறங்கியோ ஏறியோ ஓடி, அடுத்த வளைவில் அதே கொத்தோடு சிரிப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோய் எழுதுகிறார்கள். பள்ளிக்கூட நேரத்தில் ஒரு பிள்ளை அப்படி ஓடுவதை நான் ரசிக்க மாட்டேன். பெரியவர் கையில் பூ இருந்தால் வாங்குவேன். றோட்டோரக் கடையில் காரட், பீட்ரூட், லீக்ஸ் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பார்கள், அதைத் தாராளமாக வாங்கலாம்.

தேயிலைப் பக்டரி பார்க்க லபுக்கலை வசதி. பெரிய இடம், றோட்டோரமே, தேத்தண்ணியும் கேக்கும் கிடைக்கும், கூட்டமும் இருக்கும். கூட்டம் பிடிக்காவிட்டால் இதே வழியில் வேறு பக்டரிகளும் உண்டு. எதில் போனாலும் மேல்மாடியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். பக்டரிக் கட்டடம் ஏன் இத்தனை மாடி, ஏன் சுவர் முழுக்கச் சன்னல் என்பதற்கு விடை அங்கேதான். பச்சைக் கொழுந்தை நீளமான தட்டுகளில் பரப்பிக் காற்றுவிட்டு வாட்டுவார்கள். கையில் அள்ளிப் பிசைந்தால் நொறுங்காமல் துணி மாதிரி துவளும் பதம் வரவேண்டும். பிறகு கீழ்மாடியில் உருட்டு இயந்திரம், நிறம் செம்பாக மாறும் வரை பரப்பிவைத்தல், சூட்டடுப்பு, சல்லடை. செம்பு நிறம் ஏறும் அந்த இடத்தில் நின்று மூக்கால் இழுத்துப் பாருங்கள், வெட்டின ஆப்பிள் பழ வாசம் வரும். எந்தக் கோப்பையிலும் அது கிடைக்காது.

வெளியே வந்ததும் வழிகாட்டிப் பெண்ணிடம் ரோதை முனி எங்கே என்று தமிழில் கேளுங்கள். முகம் மாறும். பழைய பக்டரிகளில் தண்ணீர்ச் சக்கரம் ஓடிய காலத்திலிருந்து வரும் சாமி. ஒரு கல், ஒரு சூலம், சில இடத்தில் ஒரு சின்னக் கூரை, அவ்வளவுதான். இயந்திரத்தில் கை அகப்படாமல் காக்கிற பொறுப்பு அவருக்கு. கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன்னால் மலையில் கத்தியை வைத்துக் கும்பிடும் வழக்கமும் உண்டு. நாலைந்து வருடத்துக்கு ஒரு தடவை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. வெட்டின மலை எரிந்துபோன மாதிரி கட்டையாக நிற்கும். படத்துக்கு ஆகாது என்று எல்லாரும் தாண்டிப் போவார்கள். செடியின் அடிமரம் எத்தனை பழசு, எவ்வளவு முறுகியது என்பது அங்கேதான் தெரியும். சில மலைகளில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட தூர் நிற்கிறது.

கொழுந்தெடுக்கும் பெண்களைப் படம் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். தமிழில் கேட்டால் போதும், எந்த ஊர், என்ன பிள்ளைகள் என்று அவர்களே விசாரிப்பார்கள். வேலை நேரத்தில் அதிகம் பேச்சுக் கொடுக்காதீர்கள். நாட்சம்பளத்துக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது, நிறுவையில் குறைந்தால் அவர்களுக்குத்தான் நட்டம்.

நுவரெலியாவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன், எல்லாப் படமும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1,868 மீட்டர் உயரம், ஏப்ரலில் வசந்தகாலக் கூட்டம், அப்போது அறை வாடகை தலைசுற்றும். பார்ன்ஸ் தனக்குக் கட்டிய ஓய்வு வீடுதான் வளர்ந்து இன்றைக்குக் கிராண்ட் ஹோட்டலாக நிற்கிறது. சிவப்புச் செங்கல் தபால் நிலையம் 1894, கிரெகரி வாவி 1873-ல் ஆளுநர் வில்லியம் கிரெகரி சதுப்பைத் தேக்கி உண்டாக்கியது. 1876-ல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்குக் கழுத்துப்பட்டி கட்டித்தான் உட்கார வேண்டும். ஊட்டி தெரிந்தவர்களுக்கு இந்த ஊர் பார்த்த இடம் போலத் தோன்றும். குளிரைத் தேடி மலையேறிய அதே கூட்டம், அதே காலம்.

மறுநாள் காலையில் வெலிமடைப் பக்கம் சில கிலோமீட்டர் மட்டும் இறங்குங்கள். சீதாஎலியவில் ஓடையோரம் சீதையம்மன் கோயில். சுற்றுலாக்காரர்கள் வருவதற்கு முன்னாலேயே தோட்டத்து மக்கள் கும்பிட்டுவந்த இடம் என்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை. அதையும் தாண்டினால் ஹக்கலப் பூங்கா. ரோசாவுக்காகப் போகிறார்கள், ஆனால் 1861-ல் இதைத் தொடங்கியது சின்கோனாவுக்காக, அதாவது மலேரியாக் காய்ச்சலுக்கான குயினைன் பட்டைக்காக. கோப்பி செத்துத் தேயிலை காலூன்றுவதற்கு இடையில் பல தோட்டக்காரர்கள் மூச்சுவிட்டது இந்தப் பட்டையை விற்றுத்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டதால் 1880-களில் விலை அதலபாதாளத்தில் விழுந்து அதுவும் போனது. காலையில் போனால் பின்னாலிருக்கும் ஹக்கலப் பாறை பனியில்லாமல் தெரியும், கூட்டமும் இருக்காது. ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு, பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் நானுஓயா வந்தால் பிடித்துவிடலாம். முன்பதிவுச் சீட்டு சீக்கிரம் முடிந்துவிடும், திகதி உறுதியானதும் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.